மணலில் எழுதக் கற்பித்த ஆண்ட்ரூ பெல்

உலகப் புகழ் பெற்ற கல்வி முறை ஒன்று நம் சென்னையின் பெயரைத் தாங்கி நின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மதராஸ் முறை என்பது அதன் பெயர். சென்னை எழும்பூரில் தோன்றிக் கடல் கடந்து இங்கிலாந்து சென்ற அம்முறை, அந்நாட்டின் ஏழைச் சிறுவர் சிறுமியர் இலட்சக்கணக்கானோருக்கு எழுத்தறிவித்தது. அதைக் கொண்டு சென்றவர் டாக்டர் ஆண்ட்ரூ பெல். அவருக்கு அதைக் காட்டிக் கொடுத்தவர்களோ, மணலில் விரலால் அகரம் எழுதிக் கொண்டிருந்த நம் திண்ணைப் பள்ளிக் குழந்தைகள்! ஆரம்ப வகுப்புகளில் நம் தங்கையர் ஆங்கில எழுத்துகளை எழுதிப் பழகுவதை நாள்தோறும் காணும் நாம், இப்பெரியாரின் வாழ்க்கையைச் சற்று அறிந்து கொள்வது பயனுடையதாகும்.

ஆண்ட்ரூ பெல் 1753ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்தார். தந்தை முடி திருத்தும் தொழிலாளி. ஆயினும் கூர்மையான அறிவும் கைவேலைகளில் மிகுந்த திறமையும் உடையவர். பெல் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதத்திலும் இயற்பியலிலும் சிறந்து விளங்கினார். 1774இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குச் சென்று, ஒரு பெரும் நிலக்கிழாரின் பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியராக இருந்தார். விடுதலைப் போர் மூண்டிருந்த காலத்தில், 1781இல், தாயகம் திரும்பினார். வழியில் கப்பல் உடைந்து, உயிர் தப்பியதே பெரிதாயிற்று. பின்னர் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார்.

1787இல் பெல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். கல்கத்தா செல்வதே அவர் நோக்கம். சென்னையில் இறங்கியவர் இங்கேயே தங்கி விட்டார். ஆங்கிலேயப் படைப் பிரிவுகள் பலவற்றுக்கு அவர் ஆன்ம குருவாக நியமிக்கப்பட்டார். ஒருவருக்கே பல பதவிகள். பதவிதோறும் தனித்தனி ஊதியம். அவர் பணத்தில் மிகுந்த கருத்துடையவர் என்பதை மறைப்பதற்கில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பும்போது 25,000 பவுனுக்கும் மேற்பட்ட செல்வத்தோடு சென்றார். ஆனால் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அவர் ஊதியம் வாங்க மறுத்தார். அந்த வேலையே அவர் பெயரை நிலைநிறுத்தியது.

அந்நாளில் சென்னையில் ஆங்கிலேயப் படைவீரர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் பலர் திக்கற்றுத் திரிந்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் அன்னையர் இந்நாட்டுப் பெண்கள். தந்தை போரில் மாண்டாலும், படையோடு வேறிடம் சென்று விட்டாலும், பிள்ளைகளைக் கேட்பார் இல்லை. 1787இல் ஆளுநரின் துணைவியார் காம்பெல் சீமாட்டியின் முயற்சியால் பெண் குழந்தைகளுக்கென முதலில் ஓர் அநாதை இல்லம் ஏற்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கான இல்லம் 1789இல் எழும்பூரில் திறக்கப்பட்டது. அதன் மேற்பார்வையாளர் பொறுப்பைத்தான் பெல் ஊதியமின்றி ஏற்றார்.

தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்தது ஏமாற்றமே. ஆசிரியர்களுக்கு ஆர்வமில்லை. சற்றுப் பழகியவர்களும் வேறிடத்தில் கூடுதல் சம்பளம் கிடைத்தால் போய் விடுவார்கள். பிள்ளைகள் மாதக் கணக்கில் ஆங்கில நெடுங்கணக்கையே திரும்பத் திரும்ப ஒப்பித்துக் கொண்டிருந்தனர். எழுத்து கண்ணில் பட்டது, வாயில் வந்தது, மனத்தில் மட்டும் தங்கவில்லை. தாளும் மையும் அந்நாளில் விலை மிகுந்த பொருள்கள். ஆகவே எழுதப் பழகுவது என்பது பெரிய பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது.

ஒருநாள் காலை பெல் குதிரை மீதேறிச் செல்லும்போது ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைக் கடக்க நேர்ந்தது. மலபார் பள்ளி என்று அவர் அதைக் குறிக்கிறார். மலபார் என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் அப்பெயராலேயே அழைத்தனர். அங்கே சிறு பிள்ளைகள் தரையில் அமர்ந்து, முன்னே பரப்பிய மணலில் விரலால் எழுதிக் கொண்டிருந்தனர். எழுத்தை வாயால் சொல்வதும் கையால் வரைவதும் ஒரே நேரத்தில் நடந்தன. பிழையா? உள்ளங்கையால் ஒரு தடவு. மணல் மீண்டும் புதுப்பலகை ஆயிற்று. தாள் இல்லை, மை இல்லை, செலவும் இல்லை.

நம் முன்னோருக்கு இது புதுமையன்று. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் மணலில் எழுதிப் பழகி, பிறகே பனை ஓலையும் எழுத்தாணியும் கையில் எடுத்தனர். முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பதும் வழக்கம். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். பெல் வருவதற்கு ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன், 1623இல், தென்னகத்தில் பயணம் செய்த இத்தாலியர் பியெத்ரோ தெல்லா வாலே, ஆசிரியர் அருகில் இல்லாமலே சிறுவர் சிலர் மணலில் எழுதி, இராகத்தோடு பாடி எண்கள் கற்றதைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். நம் ஆண்டவரும், ஒரு பெண்ணைக் கல்லெறியக் கூடிய கூட்டத்தின் நடுவே, குனிந்து விரலால் தரையில் எழுதினார் என்று நற்செய்தி கூறுகிறது. மண்ணும் விரலும் மனிதனின் மிகப் பழைய எழுதுகருவிகள் அல்லவா!

பெல் இல்லத்துக்குத் திரும்பியதும் கீழ் வகுப்பு ஆசிரியரை அழைத்து, ஆங்கில எழுத்துகளையும் இவ்வாறே மணலில் கற்பிக்கும்படி கூறினார். அது ஆகாத காரியம் என்று ஆசிரியர் கைவிரித்து விட்டார். பெல் வாதாடவில்லை. மாணவர்களுள் ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிறுவனை அழைத்தார். ஒரு சாதாரணப் படைவீரனின் மகன், வயது எட்டு. எழுத்துகளைத் தெளிவாக அறிந்தவன். கடைசி வகுப்பை அவனிடம் ஒப்படைத்து, மணலைப் பரப்பிக் கொடுத்தார். பெரியவர் ஒருவர் முடியாது என்றதை அச்சிறுவன் செய்து காட்டினான்! சில நாட்களிலேயே அந்த வகுப்பு மற்றைய வகுப்புகளை விட ஒழுங்காக நடக்கத் தொடங்கியது. அடுத்தடுத்த வகுப்புகளுக்கும் பெல் மாணவர்களையே ஆசிரியர்களாக நியமித்தார். ஏறத்தாழ 200 பிள்ளைகள் இருந்த அந்த இல்லம் முழுவதும் இம்முறை பரவியது.

மணலில் எழுதுவதால் விளைந்த நன்மை யாது? ஆங்கிலம் கற்கும் சிறு குழந்தைகளைக் கவனித்திருப்போர் இதை எளிதில் உணர்வர். பி, டி, பி, க்யூ என்னும் நான்கு சிறிய எழுத்துகளும் ஒரு வட்டமும் ஒரு கோடும் சேர்ந்தவையே. கோடு வலப்புறமா இடப்புறமா, மேலேயா கீழேயா என்பதில்தான் வேறுபாடு. கண்ணால் மட்டும் பார்க்கும் குழந்தை குழம்பும். கையால் வரைந்து பழகிய குழந்தைக்கோ, கை சென்ற வழி நினைவில் நிற்கும். இந்த நான்கு எழுத்துகளில் இருந்த குழப்பம் மணல் எழுத்தால் தீர்ந்ததைப் பெல் தம் நூலில் தனியே குறிப்பிடுகிறார். எழுதுவதும் படிப்பதும் இரண்டு பாடங்கள் அல்ல, ஒன்றை ஒன்று தாங்கும் ஒரே பாடம் என்பதை அவர் கண்டு கொண்டார்.

அவர் வகுத்த வேறு சில நியமங்களும் போற்றத்தக்கவை. பாடம் சிறிதாக இருக்க வேண்டும். ஒன்றை முழுதும் கற்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. நீண்ட சொற்களை அசை அசையாகப் பிரித்துப் படிக்க வேண்டும். மணலில் தேறியவர்களே தாளில் எழுதலாம். இறகுப் பேனாவைச் சீவுவதும் தாளில் கோடு போடுவதும் பிள்ளைகளின் வேலையே. பிரம்புக்கு அவர் பள்ளியில் பெரும்பாலும் வேலையில்லை. தவறுகள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் குறிக்கப்படும். வாரம் ஒரு முறை அது படிக்கப்பட்டு, மாணவர்களே கூடித் தீர்ப்பு வழங்குவார்கள். அடித்துக் கற்பிப்பதே கல்வி என்றிருந்த காலத்தில் இது பெரிய மாற்றமாகும்.

அந்த இல்லத்தில் வளர்ந்த வில்லியம் ஸ்மித் என்ற இளைஞன், 1794இல் திப்பு சுல்தானிடம் சென்ற தூதுக் குழுவோடு போய், அவர் முன்னிலையில் அறிவியல் கருவிகளை இயக்கிக் காட்டி விளக்கினான். திக்கற்ற பிள்ளை என்று ஒதுக்கப்பட்டவன் ஒரு மன்னருக்கு ஆசிரியனாக நின்ற காட்சி அது!

உடல்நலம் குன்றியதால் பெல் 1796இல் சென்னையை விட்டுப் புறப்பட்டார். 1797இல் சென்னை அநாதை இல்லத்தில் தாம் கண்ட அனுபவங்களைச் சிறு நூலாக இலண்டனில் வெளியிட்டார். 1798இல் இலண்டனின் ஆல்ட்கேட் பகுதியில் உள்ள புனித பொட்டால்ஃப் பங்கின் பள்ளி இம்முறையை முதலில் ஏற்றது. 1801இல் டார்செட் மாவட்டத்தின் ஸ்வானேஜ் என்னும் கடற்கரை ஊருக்குப் பங்குக் குருவாகச் சென்ற பெல், அங்குள்ள பள்ளிகளிலும் மதராஸ் முறையைப் புகுத்தினார். அம்மை நோயைத் தடுக்க மக்களுக்கு அம்மை குத்தும் பணியிலும் ஆர்வத்தோடு ஈடுபட்டார்.

அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் இலண்டனின் ஏழைப் பகுதி ஒன்றில் பள்ளி நடத்தி வந்தார். குவேக்கர் சபையைச் சேர்ந்த அவரும் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். பெல்லின் நூலைப் படித்து, மணல் எழுத்தையும் தம் பள்ளியில் சேர்த்துக் கொண்டார். இருவரும் முதலில் நட்போடு சந்தித்தனர். பின்னர், முறையை முதலில் கண்டவர் யார் என்ற வழக்கு எழுந்தது. திருச்சபையினர் பெல்லின் பக்கமும் பிற சபையினர் லங்காஸ்டரின் பக்கமும் நின்று பல ஆண்டுகள் வாதிட்டனர். நமக்கு ஒரு விதத்தில் நகைப்பாகவும் இருக்கிறது. இருவரும் உரிமை கொண்டாடிய மணல், எழும்பூர்ப் பக்கத்துத் திண்ணைப் பள்ளியின் மணல் அல்லவா?

இந்தப் போட்டியால் ஒரு நன்மையும் விளைந்தது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் ஏழைகளின் கல்விக்காகத் தேசியச் சங்கம் ஒன்றை அமைத்து, அதன் பள்ளிகளைப் பெல்லின் மேற்பார்வையில் விட்டனர். ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைப் பார்வையிடுவதே அவர் வாழ்வாயிற்று. அவர் இறக்கும் காலத்தில் அம்முறையைப் பின்பற்றிய பள்ளிகளின் எண்ணிக்கை 10,000ஐத் தாண்டி விட்டது. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில் 1819இல் மதராஸ் பள்ளி என்ற பெயரிலேயே ஓர் அமைப்பு சட்டப்படி நிறுவப்பட்டது. 1816இல் ஐரோப்பாவில் பயணம் செய்த பெல், சுவிட்சர்லாந்தின் ஃபிரைபுர்க் நகரில் கத்தோலிக்கத் துறவி அருட்தந்தை ஜிரார் நடத்திய பள்ளியையும் கண்டார். புனித பிரான்சிஸின் சபையைச் சேர்ந்த ஜிரார், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் கையாண்டு புகழ் பெற்றவர்.

இதுவரை நாம் கண்டது அவர் வாழ்வின் ஒளி நிறைந்த பகுதி. பெரியோர் வாழ்வை எழுதும்போது நிழலையும் சொல்வதே நேர்மை. பெல் பிடிவாதம் மிக்கவர். தம் முறையைத் தவிர வேறொன்றையும் எளிதில் ஒப்ப மாட்டார். குழந்தையின் உள்ளத்தை ஆராய்ந்த பெஸ்தலோசியின் பள்ளியை நேரில் பார்த்தும் அதன் அருமை அவருக்குப் புலப்படவில்லை. 1800இல் நடந்த அவர் திருமணமும் சில ஆண்டுகளில் பிரிவில் முடிந்தது. ஆசிரியர்கள் அவருடைய கடுமைக்கு அஞ்சினர்.

ஆனால் நம் மனத்தை மிகவும் வருத்துவது வேறொன்று. 1805இல் தம் நூலைத் திருத்தி வெளியிட்டபோது அவர் ஒரு கருத்தைச் சேர்த்தார். ஏழைகளின் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுதவும் கணக்கிடவும் கற்பிக்க வேண்டும் என்று தாம் கூறவில்லை. வேதநூலைப் படிக்கும் அளவுக்கு வாசிப்புப் போதும். அதற்கு மேல் கற்றால் தம் நிலைக்குரிய உழைப்பில் அவர்களுக்கு மனம் செல்லாது என்பதே அக்கருத்தின் சாரம். மணலில் விரல் வைத்து எழுதுவதன் வலிமையை அவரை விட அறிந்தவர் யார்? முடி திருத்துபவரின் மகனாகப் பிறந்து கல்வியால் உயர்ந்தவரும் அவரே. அவரே ஏழையின் கையிலிருந்து எழுதுகோலை எடுத்து விடத் துணிந்தது எவ்வளவு வேதனை! அந்நாளைய செல்வர் பலரும் அவ்வாறே எண்ணினர் என்பது உண்மை. பிறர் சொல்லை எழுத்துக் கூட்டி வாசிப்பவர் கீழ்ப்படிவார். தம் சொல்லைத் தாமே எழுதக் கற்றவர் கேள்வி கேட்பார் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஆனால் ஃபிரிஸ்கன் என்னும் ஏழைப் படைவீரனின் மகனை ஆசிரியனாக அமர்த்திய கை எழுதிய கருத்தா அது என்று எண்ணும்போது மனம் கலங்கவே செய்கிறது.

நல்ல வேளையாக, அவர் பரப்பிய முறை அவர் இட்ட எல்லைக்குள் நிற்கவில்லை. மணல் பலகை இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் வைக்கப்பட்டதும் பிள்ளைகள் எழுதினார்கள். எழுத்து தெரிந்த விரலுக்கு இம்மட்டும் போதும் என்று யார் ஆணையிட முடியும்? மணலிலிருந்து சிலேட்டுக்கும், சிலேட்டிலிருந்து தாளுக்கும் அந்தக் கைகள் ஏறிச் சென்றன. அரை குறையாகக் கற்ற சிறுவரைக் கொண்டே ஒரு கூட்டத்துக்குக் கற்பிப்பதில் குறைகள் உண்டு என்பதும் காலப்போக்கில் தெரிந்தது. 1846க்குப் பின் இங்கிலாந்தில் முறையாகப் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் திட்டம் வந்தது. மதராஸ் முறை மெல்ல மறைந்தது.

முதுமையில் பேசும் ஆற்றலை இழந்திருந்த பெல், 1832ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் செல்டன்ஹாம் நகரில் காலமானார். வாழ்நாளெல்லாம் சேர்த்த செல்வத்தில் ஏறத்தாழ 1,20,000 பவுனை ஸ்காட்லாந்தின் கல்விக்கே எழுதி வைத்தார். அதைக் கொண்டு அவர் பிறந்த ஊரில் மதராஸ் கல்லூரி என்னும் பள்ளி எழுந்தது. இன்றும் அது அதே பெயரில் நடைபெறுகிறது. 1876இல் எடின்பரோவிலும் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் அவர் நிதியிலிருந்து கல்வியியல் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. பணத்தில் கருத்துடையவர் என்று இகழப்பட்டவரின் பணம், இறுதியில் பள்ளிகளையே சென்று சேர்ந்தது! மன்னர்களும் புலவர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். பிள்ளைகள் சூழப் பள்ளியில் அமர்ந்திருக்கும் அவர் உருவத்தை அங்கே சலவைக்கல்லில் செதுக்கி வைத்துள்ளனர்.

அந்தத் திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கோ நினைவுச் சின்னம் ஏதுமில்லை. அவர் பெயர் யாது, பள்ளி எந்தத் தெருவில் இருந்தது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர் ஒருவர் மட்டுமா? 1822இல் ஆளுநர் சர் தாமஸ் மன்றோ எடுப்பித்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் படித்தனர். அத்தனை பள்ளிகளிலும் பெயர் தெரியாத ஆசிரியர்கள் மணலைப் பரப்பி, பிஞ்சு விரல்களைப் பிடித்து எழுத்தறிவித்துக் கொண்டிருந்தார்கள். அம்மாணவர் கூட்டத்தில் பெண் பிள்ளைகள் மிக மிகச் சிலரே என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. நம் கொள்ளுப்பாட்டியரின் பாட்டியருக்கு அந்த மணலைத் தொடும் வாய்ப்புக்கூடக் கிட்டவில்லை.

அன்பு மாணவியரே, நம் கைகளில் இன்று நான்கு கோட்டு நோட்டும் பேனாவும் இருக்கின்றன. கைப்பேசித் திரையிலும் விரலால் எழுதுகிறோம். எளிதாகக் கிடைத்ததால் அதன் அருமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கோணலும் மாணலுமாக எழுதித் தள்ளுகிறோம். ஒவ்வோர் எழுத்தையும் வடிவு கெடாமல், தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்கி, முடிக்க வேண்டிய இடத்தில் முடித்து எழுதுவது, நமக்கு எழுத்தறிவித்தோருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பள்ளியில் சேரும் முன்பே குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லி வருத்த வேண்டாம். ஒரு தட்டில் மணலையோ அரிசியையோ பரப்பிக் கொடுங்கள். எழுத்தின் ஒலியைச் சொல்லிக் கொண்டே விரலால் வரையட்டும். அழித்து அழித்து விளையாடட்டும். பிழைக்கு அஞ்சாத கையில்தான் எழுத்து நன்றாக அமையும்.

எட்டு வயது ஃபிரிஸ்கனால் ஒரு வகுப்புக்கே எழுத்துச் சொல்லிக் கொடுக்க முடிந்தது என்றால், பன்னிரண்டும் பதினைந்தும் ஆன நம்மால் ஒருவருக்குச் சொல்லித் தர முடியாதா? வகுப்பில் ஆங்கில எழுத்துக் கூட்டத் தடுமாறும் தோழி நம் பக்கத்திலேயே இருக்கலாம். நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மா இன்னும் கைநாட்டு வைப்பவராக இருக்கலாம். அவருக்கு இவ்வளவு போதும் என்று எல்லை கட்டும் உரிமை நமக்கு இல்லை; பெல் தவறியது அங்கேதான். அவர் பெயரை அவரே எழுதும் நாள் வரை, மாலையில் கால்மணி நேரம் அவரோடு உட்கார நம்மால் இயலும். இந்த ஆண்டில் நம்மில் ஒவ்வொருவரும் ஒருவருக்கேனும் எழுத்தறிவிப்போமாக!